லில்லிபாண்டை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வது: எப்போது தேவை, எங்கே சிக்கும்

கேள்வி சுருக்கமாக இதுதான். உபுண்டு 22.04 ஓடும், 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி. சர்ச் பாடகர் குழுவுக்காக நான்கு குரல் ஸ்டாஃப் நோட்டேஷனை (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி), கீழே தமிழ் வரிகளோடு அச்சிட வேண்டும். உபுண்டுவின் நிறுவியான ஏபிடி வழியாக வருவது, கோப்பில் எழுதிய இசையை அச்சுத்தாளாக்கும் லில்லிபாண்ட் நிரலின் 2.22 பதிப்பு. நண்பர் அனுப்பிய கோப்போ 2.24-ல் எழுதியது, இயக்கினால் 'நிரல் பழையது, இந்தக் கோப்புக்கு 2.24 வேண்டும்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. சரி, மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்வோம் (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுவோம்) என்று உட்கார்ந்தால், தேவையானவை இருக்கின்றனவா என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், இல்லாத சாமான்களின் பட்டியலை நீட்டி மிரட்டுகிறது. அதைச் சமாளித்து, நிரலைக் கட்டும் மேக் கட்டளையை ஜே 8 என்ற தெரிவோடு கொடுத்தால், 'சிசி1ப்ளஸ் கொல்லப்பட்டது' என்று பாதியில் நின்றுபோகிறது. என்ன செய்வது? இதைவிட, இன்னோர் இசைத்தாள் நிரலான மியூஸ்ஸ்கோரைக் கம்பைல் செய்வது எளிதா?

உங்கள் தேவைக்குக் கம்பைல் செய்யவே வேண்டாம். 2.24-லிருந்து லில்லிபாண்ட் குழுவே கட்டி முடித்த நிரலை லினக்ஸுக்கு ஒரு டார் தொகுப்புக் கோப்பாகத் தருகிறது. இறக்கி, வீட்டு ஃபோல்டரில் எங்காவது விரித்து, உள்ளே 'பின்' ஃபோல்டரில் இருக்கும் லில்லிபாண்டை இயக்கினால் முடிந்தது. கைல், பாங்கோ போன்ற லைப்ரரிகள் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால் உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) பழையதா புதியதா என்ற கவலை இல்லை. ரூட் (நிர்வாகி) அனுமதியும் வேண்டாம். ஏபிடி போட்டுக்கொடுத்த 2.22 அதுபாட்டுக்கு அதன் இடத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் தாள் அச்சாக வேண்டுமென்றால் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு அதைச் செய்யுங்கள்.

அப்படியானால் யார்தான் கம்பைல் செய்கிறார்கள்? ராஸ்ப்பெரி பை போன்ற, ஆர்ம் சிப் கொண்ட சின்னக் கணினிப் பலகையில் புதிய பதிப்பை ஓட்ட நினைப்பவர்கள் ஒரு சாரார், 2.24 வரிசையில் லினக்ஸுக்கான அதிகாரபூர்வ டார் கோப்பு 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு மட்டும்தான். நிரலுக்குள் கைவைத்துத் திருத்த நினைப்பவர்கள் இன்னொரு சாரார். டிஸ்ட்ரோக்களுக்குப் பேக்கேஜ் செய்பவர்கள் உண்டு. அப்புறம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் தூக்கம் வரும் என்பவர்கள். நீங்கள் இந்தக் கடைசி வகை என்று உங்கள் கேள்வியின் தொனியிலிருந்து தெரிகிறது. அதனால் மேலே போவோம்.

லில்லிபாண்டைக் கம்பைல் செய்வது மற்ற நிரல்களைக் கம்பைல் செய்வதைவிட ஏன் கடினமாகத் தெரிகிறது என்றால், ஒரே மேக் கட்டளைக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. சி++ நிரலைக் கட்டுவது ஒன்று. இசைக்குறி எழுத்துருக்களைக் கட்டுவது இரண்டு. கையேடுகளைக் கட்டுவது மூன்று. மூன்றுக்கும் தேவையான கருவிகள் முற்றிலும் வேறு. நிரல் கட்டும் வேலை சிக்கலானதாகத் தோன்றினாலும் பெரும்பாலும் சிக்காமல் முடிந்துவிடும். தகராறு செய்வது எழுத்துருவும் கையேடும்தான். ஆகவே எரர் வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது மூன்றில் எந்த வேலையில் வந்தது என்பதே. அது தெரிந்தால் பாதி தீர்ந்தது.

எழுத்துருவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில்தான் லில்லிபாண்டின் குணம் இருக்கிறது. 1996-ல் ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்சென் என்ற இரண்டு நெதர்லாந்துக்காரர்கள் இதைத் தொடங்கியபோது, கணினியில் அச்சான இசைத்தாள் வெளிறி, உயிரில்லாமல் தெரிகிறது என்பதே அவர்கள் குறை. பழைய பதிப்பகங்களில் உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்ட தாள்களின் கனத்தையும் வளைவையும் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தார்கள். அதனால் இசைக்குறிகளை ஒரு வரைகலை நிரலில் வரைந்து சேமிக்கவில்லை. எழுத்துருக்களை வடிவமைக்கக் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் உருவாக்கிய மெட்டாஃபான்ட் மொழியில் நிரலாக எழுதினார்கள். கோப்பை வாசித்தால் ட்ரெபிள் கிளெஃபின் வளைவு எந்தப் புள்ளியில் தடித்து எங்கே மெலிகிறது என்று கணக்காகவே எழுதியிருக்கும். எம்மென்டாலர் என்பது அந்த எழுத்துருவின் பெயர். ஃபெட்டா, பார்மசான் என்று அதன் உள்பகுதிகளுக்கும் பாலாடைக் கட்டிகளின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் மேக் அடித்ததும் இந்த வளைவுக் கணக்கு முழுவதும் உங்கள் கணினியில் மறுபடி போடப்படுகிறது. அதுவும் ஒரு தடவை அல்ல. ஒரே வடிவத்தைச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் பயன்படுத்தினால் சின்ன அளவில் கோடுகள் மெலிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதால், ஸ்டாஃபின் உயரம் 11 புள்ளியிலிருந்து 26 புள்ளிவரை எட்டு அளவுகளுக்கும் தனித்தனியாக வரைகிறது. சின்ன அளவுகளில் கோடு ஒப்பீட்டளவில் தடிமனாக இருக்கும். இது போதாதென்று பியானோத் தாளில் இரண்டு ஸ்டாஃபையும் சேர்த்துப் பிடிக்கும் நெளிவு அடைப்புக்குறிக்கு மட்டும் தனி எழுத்துரு. அதில் 576 அளவுகள். அந்த நிரலை இயக்கி மெட்டாபோஸ்ட் என்ற கருவி வரைந்து கொடுக்க, ஃபான்ட்ஃபோர்ஜ் அதை ஓப்பன்டைப் எழுத்துருவாக மாற்றுகிறது. திரையில் ஃபெட்டா என்ற பெயரோடு எண்கள் ஓடிக்கொண்டே இருந்து, கணினி தொங்கிவிட்டதோ என்று தோன்றும் கட்டம் இதுதான். தொங்கவில்லை, காத்திருங்கள்.

இங்கே நின்றுபோனால் காரணம் சி++ கம்பைலரில் இருக்காது. மெட்டாபோஸ்ட் இல்லை, அல்லது டெக்ஸ் அச்சுக்கோப்புக் கருவிகளின் தொகுப்பான டெக்ஸ் லைவ் அரைகுறையாக நிறுவப்பட்டிருக்கிறது, அல்லது ஃபான்ட்ஃபோர்ஜ் இல்லை என்று பொருள். டெபியன், உபுண்டுவில் மெட்டாபோஸ்ட் டெக்ஸ் லைவின் ஒரு துணைப் பேக்கேஜாக இருக்கிறது. டெக்ஸ் லைவின் அடிப்படைப் பேக்கேஜை மட்டும் போட்டுவிட்டு 'டெக்ஸ் இருக்கிறதே' என்று நினைத்துக்கொள்வது சகஜம். 2.24-க்கு டி1யூட்டில்ஸ் என்ற குட்டிப் பேக்கேஜும் வேண்டும். இன்னொன்று, இசைக்குறிகள் அல்லாத சாதாரண எழுத்துகளுக்கு, அதாவது தலைப்பு, வேகக்குறிப்பு போன்றவற்றுக்கு, யூஆர்டபிள்யூ நிறுவனத்தின் சி059 முதலிய எழுத்துருக்களை அது தேடும். உபுண்டுவில் யூஆர்டபிள்யூ பேஸ்35 என்ற எழுத்துருப் பேக்கேஜ் அது. அவை வேறு இடத்தில் கிடந்தால், எந்த ஃபோல்டர் என்று சொல்ல கான்ஃபிகரில் தனித் தெரிவு உண்டு.

இனி கைல். லில்லிபாண்டின் பாதி மூளை சி++, மீதிப் பாதி ஸ்கீம் மொழி. அந்த ஸ்கீமை இயக்குவது கைல். இது எந்தப் பதிப்பு என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கைல் 2.0 வெளிவந்தது 2011-ல். லில்லிபாண்ட் 1.8-ஐ விட்டு நகர்ந்தது 2.24-ல், அதாவது 2022 டிசம்பரில். நடுவில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. சோம்பேறித்தனம் இல்லை. கைல் 2.0-ல் நினைவகக் குப்பையைக் கூட்டும் முறையே மாறியது. லில்லிபாண்டின் சி++ பகுதி முழுவதும் பழைய முறையை நம்பி எழுதப்பட்டிருந்தது. எழுத்துச்சரங்களைக் கையாளும் விதமும் மாறியது. அப்படியே மாற்றிப் பார்த்தால் வேகம் கண்டபடி குறைந்தது. இதற்கிடையில் டிஸ்ட்ரோக்கள் 1.8-ஐத் தூக்கி எறியத் தொடங்க, லில்லிபாண்டைப் பேக்கேஜ் செய்பவர்கள் படாத பாடு பட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய கம்பைல் குறிப்புகளில் பாதி இந்தக் காலத்தவை. 'முதலில் கைல் 1.8-ஐத் தேடி நிறுவு' என்று ஒரு குறிப்பு தொடங்கினால் அதை மூடிவிடுங்கள்.

இன்றைக்கு நினைவில் வைக்க வேண்டியது: 2.24-க்கு கைல் 2.2. அதற்குப் பிறகான 2.25 வளர்ச்சி வரிசை நடுவில் கைல் 3.0-க்கு மாறியது. உபுண்டு 22.04-ல் இரண்டும் பேக்கேஜாகக் கிடைக்கின்றன. இரண்டின் டெவ் பேக்கேஜும் நிறுவியிருந்தால் எதை எடுப்பது என்று கான்ஃபிகரிடம் கைல் ஃப்ளேவர் என்ற சூழல் மாறி மூலம் சொல்லலாம். 2.24-ஐ 3.0-வோடு கட்ட முடியும், ஆனால் அந்த ஆதரவு சோதனை நிலையில் விடப்பட்டது; வம்பு வேண்டாம், 2.2-ஓடு போங்கள்.

டெவ் என்றேனே, அதை விளக்கிவிடுகிறேன். கான்ஃபிகர் 'பாங்கோ இல்லை' என்று சொல்லும். நீங்கள் பார்ப்பீர்கள், பாங்கோ இருக்கும். டெஸ்க்டாப்பே அதை நம்பித்தான் ஓடுகிறது. இருப்பது இயக்குவதற்கான லைப்ரரி மட்டும். கம்பைல் செய்ய அதன் தலைப்புக் கோப்புகள் வேண்டும், அவை டெவ் என்று பெயர் முடியும் தனிப் பேக்கேஜில் இருக்கும். ஃபெடோராவில் அதையே டெவல் என்பார்கள். பாங்கோ, ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக், கிளிப், கைல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நிறுவிய பிறகும் இல்லை என்றே சொன்னால் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவி இருக்கிறதா என்று பாருங்கள். கான்ஃபிகர் லைப்ரரிகளைத் தேடுவது அதன் மூலம்தான்.

உபுண்டு, டெபியனில் இந்தப் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. ஏபிடியின் பில்ட்-டெப் கட்டளைக்கு லில்லிபாண்ட் என்ற பெயரைக் கொடுத்தால், டிஸ்ட்ரோ தன் பேக்கேஜைக் கட்டப் பயன்படுத்திய அத்தனையையும் நிறுவிவிடும். முதல் தடவை அடித்தால் பெரும்பாலும் 'மூலநிரல் முகவரி எதுவும் பட்டியலில் இல்லை' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். 22.04-ல் ஏபிடியின் சோர்சஸ் பட்டியலைத் திறந்து, டெப்-எஸ்ஆர்சி என்று தொடங்கும் வரிகளின் முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு, அப்டேட் கொடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். 24.04-க்கு மாறியவர்கள் கவனிக்க: அங்கே அந்தப் பட்டியல் வேறு வடிவத்தில், உபுண்டு டாட் சோர்சஸ் என்ற கோப்பில் இருக்கிறது, 'டைப்ஸ்' என்ற வரியில் டெப் என்பதை அடுத்து டெப்-எஸ்ஆர்சி என்று சேர்க்க வேண்டும். பில்ட்-டெப் கொண்டுவருவது உங்கள் டிஸ்ட்ரோவில் இருக்கும் பழைய பதிப்புக்கு வேண்டியதைத்தான். உங்கள் விஷயத்தில் 2.22-க்கானது. தொண்ணூறு சதவீதம் அதுவே போதும், மிச்சத்தைக் கான்ஃபிகர் சொல்லும்.

கான்ஃபிகர் நீட்டிய பட்டியலைப் பார்த்து மிரண்டதாக எழுதியிருந்தீர்கள். உண்மையில் அது லில்லிபாண்ட் செய்யும் உபகாரம். பல நிரல்களின் கான்ஃபிகர் முதல் குறையைக் கண்டதுமே நின்றுவிடும்; அதை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டினால் அடுத்த குறையைச் சொல்லும், இப்படியே பொழுது போகும். லில்லிபாண்ட் கடைசிவரை ஓடி, கட்டாயம் வேண்டியவற்றை ஒரு தொகுப்பாகவும், இருந்தால் நல்லது என்பவற்றை இன்னொரு தொகுப்பாகவும் சொல்கிறது. முதல் தொகுப்பு எரர், இரண்டாவது வெறும் எச்சரிக்கை. இரண்டாவதைப் படித்துப் பதற வேண்டாம். பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்து அது எந்தப் பேக்கேஜில் வருகிறது என்று புரியவில்லையென்றால், அதே ஃபோல்டரில் உருவாகியிருக்கும் கான்ஃபிக் லாக் கோப்பில் அந்தப் பெயரைத் தேடுங்கள். எதைச் சோதித்தது, என்ன பதில் வந்தது என்று அப்படியே எழுதியிருக்கும்.

சரி, வேலையின் வரிசைக்கு வருவோம். நிலையான பதிப்பு போதுமென்றால் கிட் குளோன் செய்ய வேண்டாம், மூலநிரல் டார் கோப்பை இறக்குங்கள். அதில் கான்ஃபிகர் தயாராக இருக்கும். 2020-லிருந்து கிட்லேபில் இருக்கும் களஞ்சியத்தைக் குளோன் செய்தால் கான்ஃபிகரே இருக்காது. ஆட்டோஜென் என்ற ஸ்கிரிப்டை ஓட்டித்தான் அதை உருவாக்க வேண்டும், அதற்கு ஆட்டோகான்ஃப் வேண்டும். எந்த வழியானாலும் விரித்து வைக்கும் ஃபோல்டரின் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. 'புதிய இசை வேலை' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்து அதற்குள் கட்டினால் மேக் குழம்பும். இது லில்லிபாண்டின் குறை இல்லை, மேக்கின் பிறவிக்குணம்.

விரித்த ஃபோல்டருக்குள் பில்ட் என்று ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் போய், அங்கிருந்து மேல் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிகரை அழையுங்கள். உருவாகும் கோப்புகள் எல்லாம் பில்டுக்குள்ளேயே அடங்கும். ஏதாவது கோளாறானால் பில்டை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், மூலநிரல் அழுக்காகாது. கான்ஃபிகரை அழைக்கும்போது இரண்டு தெரிவுகளை மறக்காமல் கொடுங்கள். ஒன்று, எங்கே நிறுவுவது என்று சொல்லும் ப்ரிஃபிக்ஸ்: வீட்டு ஃபோல்டருக்குள் ஓர் இடத்தைக் காட்டுங்கள். சிஸ்டத்தின் யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் நேராக நிறுவினால் ஏபிடி போட்ட கோப்புகளோடு கலந்து, பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு, டாக்குமென்டேஷன் வேண்டாம் என்ற டிஸேபிள் தெரிவு. இதைக் கொடுத்தாலே கையேட்டுக்கான தேவைகள் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும்.

கையேட்டை நீங்களே கட்டாதீர்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். லில்லிபாண்டின் கையேடுகளில் வரும் ஒவ்வோர் இசை எடுத்துக்காட்டும் படமாக ஒட்டப்பட்டதல்ல; கையேடு உருவாகும்போது, நீங்கள் சற்று முன் கட்டிய லில்லிபாண்டே அவற்றை எழுதுகிறது. ஆயிரக்கணக்கான துண்டுகள், பல மொழிகளில். 4 ஜிபி மடிக்கணினி அன்று முழுக்க மின்விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். இணையத்தில் அதே கையேடு தயாராக இருக்கிறது.

அடுத்து மேக். இங்கேதான் உங்களுக்குப் பாதியில் நின்றது. நீங்கள் ஒட்டியிருந்த வரிகளில் 'சிசி1ப்ளஸ் கொல்லப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? அது நிரலில் உள்ள பிழை இல்லை. சி++ கம்பைலர் ரேமைத் தின்றுவிட்டது, லினக்ஸ் கெர்னல் அதைப் பிடித்துக் கொன்றுவிட்டது. நீங்கள் ஜே தெரிவுக்கு 8 கொடுத்திருக்கிறீர்கள், அதாவது எட்டுக் கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். லில்லிபாண்டின் மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பார்சரை பைசன் என்ற கருவி ஒரு பிரமாண்டமான சி++ கோப்பாக உருவாக்கித் தரும். அது ஒன்றே ரேமில் நல்ல பங்கு கேட்கும். 4 ஜிபிக்கு ஜே 2 போதும். பிரவுசரை மூடிவிடுங்கள். ராஸ்ப்பெரி பையில் என்றால் ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) கொஞ்சம் கூட்டிவிட்டு ஜே 1. மெதுவாகப் போனாலும் முடியும். ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்புகளை மேக் திரும்பத் தொடாது, விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதால் பில்டை அழிக்க வேண்டியதில்லை.

பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது எரர் செய்திகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து வரும். கடைசி வரியில் 'மேக்: எரர் 2' என்று இருப்பது எதையும் சொல்லாது. ஜே 1 கொடுத்து மறுபடி ஓட்டினால், உண்மையான எரர் தனியாக, கடைசிக்குச் சற்று மேலே தெரியும். உதவி கேட்கும்போது அந்த வரிகளை ஒட்டுங்கள். 'கம்பைல் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முடிந்ததும் பில்டுக்குள் அவுட் என்ற ஃபோல்டரில் பின்னுக்குள் லில்லிபாண்ட் இருக்கும். நிறுவாமலே அங்கிருந்தே ஓட்டலாம். வெர்ஷன் கேட்டால் பதிப்பு எண்ணோடு எந்த கைலில் ஓடுகிறது என்பதையும் அடைப்புக்குறிக்குள் சொல்லும். நீங்கள் நினைத்த கைல்தானா என்று பாருங்கள்.

இன்னொரு வேலை பாக்கி, பலர் விட்டுவிடுவது. கைல் 2.2-ல் ஸ்கீம் கோப்புகளை முன்கூட்டியே பைட்கோடாக (கைல் வேகமாகப் படிக்கும் வடிவமாக) மாற்றி வைக்க வேண்டும். மாற்றாவிட்டால் லில்லிபாண்ட் ஓடும், ஆனால் ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கே சில விநாடிகள் முக்கும். 'நானே கம்பைல் செய்தது டிஸ்ட்ரோ தருவதைவிட மெதுவாக இருக்கிறதே' என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யாதவர்கள். மேக் முடிந்ததும் மேக் பைட்கோட். மேக் இன்ஸ்டால் முடிந்ததும் மேக் இன்ஸ்டால்-பைட்கோட். அவ்வளவுதான். நிறுவிய பிறகும் டெர்மினலில் பழைய 2.22-ஏ வந்து நின்றால், நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் மாறியில் உங்கள் ஃபோல்டரை முன்னால் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அல்லது டெர்மினலை மூடித் திறங்கள். ஷெல் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும். பில்ட் ஃபோல்டரை உடனே அழிக்காதீர்கள், பின்னால் மேக் அன்இன்ஸ்டால் கொடுக்க அது வேண்டும். லில்லிபாண்ட் கோப்புகளை எழுத உதவும் ஃப்ரெஸ்கோபால்டியில் எழுதுகிறீர்கள் என்றால் அதன் அமைப்புகளில் பல லில்லிபாண்ட் பதிப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கோப்பில் எழுதியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்து அதுவே பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும்படியும் வைக்கலாம்.

நிரலுக்குள் கைவைக்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. மாற்றம் செய்வதற்கு முன் மேக் டெஸ்ட்-பேஸ்லைன் ஓட்டி வையுங்கள், மாற்றிய பிறகு மேக் செக். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன இசைக் கோப்புகளை இரண்டு தடவையும் அச்சிட்டு, எந்தக் குறி எங்கே நகர்ந்தது என்று பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வலைப்பக்கமாகக் காட்டும். ஒரு ஸ்லரின் வளைவை லேசாகத் திருத்தப்போய் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு பீம் சாய்ந்திருப்பதை அதில் பார்க்கலாம். நான் பார்த்த திறமூலத் திட்டங்களில் இவ்வளவு ரசிக்கத்தக்க சோதனை முறை வேறு இல்லை.

இனி தமிழ் வரிகள். வரிகளை ஸ்டாஃபின் கீழே வரைவது பாங்கோ என்பதால் யூனிகோட் தமிழ் நேராக வேலை செய்யும். கொ, கௌ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறாது. கணினியில் ஒரு தமிழ் எழுத்துருவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ அல்லது லோஹித் போட்டுக்கொள்ளுங்கள். கட்டியதும் ஒரே வரியில் நான்கு சுரமும் கீழே நான்கு அசையும் உள்ள ஒரு கோப்பை எழுதிச் சோதித்துவிடுங்கள். அசைகளை இரட்டை ஹைஃபனால், இருபுறமும் இடைவெளி விட்டுப் பிரிக்கும்போது மெய்யெழுத்து முந்தைய அசையோடு போக வேண்டும்: 'ஆண்', 'ட', 'வர்'. 'ஆ'வைத் தனியே விட்டு அடுத்த அசையை 'ண்ட' என்று தொடங்கினால் அச்சில் எரர் வராது, ஆனால் பாடுகிறவர்கள் தடுமாறுவார்கள். எழுத்துக்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவே வெட்டினால் புள்ளி வட்டம் முளைக்கும்.

எழுத்துருவைக் குறிப்பிட்டுச் சொல்லும் முறை 2.24-க்கும் 2.25-க்கும் இடையே மாறியிருக்கிறது. 2.24-ல் பேப்பர் பகுதிக்குள் ஸ்கீம் வரி ஒன்றில் குளோபல் ஃபான்ட்ஸ் என்று அமைக்க வேண்டும். 2.25-ல் ப்ராப்பர்ட்டி டிஃபால்ட்ஸின் கீழ் ஃபான்ட்ஸ், அதன் கீழ் செரிஃப் என்று நேராக எழுதலாம். இணையத்தில் கிடைத்த ஒரு துண்டை ஒட்டி, அது வேலை செய்யவில்லை என்றால் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆப்பிளின் மேக் கணினியிலும் விண்டோஸிலும் இருப்பவர்களும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. மேக் கணினியில் ஹோம்ப்ரூ அல்லது மேக்போர்ட்ஸ் என்ற நிறுவிகள் வழியாகக் கட்டியே தருகிறார்கள். நீங்களே கட்டினால் ஆப்பிள் கூடவே தரும் பைசன் 2.3 போதாது, புதிதாக நிறுவிப் பாத்தில் முன்னால் வையுங்கள். விண்டோஸுக்கான லில்லிபாண்டை அதன் குழுவே லினக்ஸில் உட்கார்ந்துதான் கட்டுகிறது. நீங்களும் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் போய்விடுவது நல்லது.

மியூஸ்ஸ்கோரைக் கம்பைல் செய்வது எளிதா என்றும் கேட்டிருந்தீர்கள். அது முழுக்க வேறு ரகம். சி++ மொழி, கட்டுவதற்குச் சிமேக், நின்ஜா என்ற கருவிகள். எழுத்துருக் கட்டும் வேலை கிடையாது, லீலண்ட், பிராவுரா எழுத்துருக்கள் தயாராக உள்ளேயே இருக்கும். அங்கே தலைவலி ஒன்றே ஒன்று, பொத்தான்களையும் ஜன்னல்களையும் திரையில் காட்டும் க்யூடி லைப்ரரி. மியூஸ்ஸ்கோர் 4 முதலில் க்யூடி 5.15-ல் இருந்தது, 4.4-ல் க்யூடி 6-க்குப் போனது. டிஸ்ட்ரோ தரும் க்யூடி அது எதிர்பார்க்கும் பதிப்பாக இல்லாவிட்டால் கட்டவே முடியாது, அல்லது கட்டி முடித்தபின் திரையில் பாதி பொத்தான் காணாமல் போகும். க்யூடியின் சொந்த நிறுவியைக் கொண்டு சரியான பதிப்பைத் தனியே இறக்குவதே வழி. மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகள் திறமூலம் அல்ல, ஆகவே மூலநிரலோடு அவை வராது. வெறுமனே பயன்படுத்த மட்டும் என்றால் நிறுவாமலே ஓட்டக்கூடிய அவர்களின் ஆப்இமேஜ் கோப்பே போதும். கம்பைல் செய்து பழகத்தான் ஆசை என்றால் ஏபிசிஎம்2பிஎஸ்ஸில் தொடங்குங்கள். சின்ன சி நிரல், கான்ஃபிகரும் மேக்கும் ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும், கையில் ஓர் இசைத்தாளும் வந்துவிடும்.

கடைசியாக அந்த நண்பரின் கோப்பு. லில்லிபாண்டோடு வரும் கன்வெர்ட்-எல்ஒய் கருவி பழைய கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றும், புதியதைப் பழையதற்கு இறக்கித் தராது. மேலே இருக்கும் வெர்ஷன் வரியை 2.22 என்று கையால் மாற்றிவிட்டால் எரர் போய்விடும், சில எளிய கோப்புகள் அப்படியே ஓடவும் செய்யும். ஆனால் எங்கே என்ன நகர்ந்தது என்பதை நீங்கள்தான் கண்ணால் சோதிக்க வேண்டும். 2.24-ஐ நிறுவிக்கொள்ளுங்கள். 2.25-ஐக் கட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் அதைத் தனி ப்ரிஃபிக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்குப் போகும் கோப்புகளை அதில் கன்வெர்ட் செய்து சேமித்துவிட்டால், அடுத்த தடவை 'நிரல் பழையது' என்ற வரியை உங்கள் நண்பர் பார்ப்பார்.